சீரியல் நம்பரைப் படத்தில் மறையுங்கள், வாங்குபவரிடம் மறைக்காதீர்கள்

கேள்வி: டெக்சாஸில் ஆஸ்டின் பக்கம் 16 ஆண்டுகளாக இருக்கிறோம். அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கிவிட்டேன். அம்மா தனியாக இருப்பதால் இந்த ஆண்டு குடும்பத்தோடு சென்னைக்கே திரும்புகிறோம். என்னிடம் மூன்று துப்பாக்கிகள் இருக்கின்றன. ஒன்று, கடையில் புதிதாக வாங்கிய கிளாக் 19 பிஸ்டல். இரண்டாவது, கன் ஷோ என்ற துப்பாக்கிச் சந்தையில் ஒருவரிடம் ரொக்கம் கொடுத்து வாங்கிய பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர். மூன்றாவது, பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடுத்த வின்செஸ்டர் 67, .22 ரைஃபிள். மூன்றையும் விற்க ஆன்லைனில் விளம்பரம் போட்டேன். ‘சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி படம் போடாதே, எவனாவது அது தன்னுடையது, திருடுபோய்விட்டது என்று புகார் கொடுத்துவிடுவான்’ என்றார் நண்பர். மறைத்துப் போட்டேன். இப்போது வாங்க வந்தவர், ‘நம்பரை ஏன் மறைக்கிறீர்கள், திருட்டுச் சாமானா?’ என்று கேட்கிறார். வின்செஸ்டரிலோ எவ்வளவு தேடியும் நம்பரே இல்லை. நான் என்ன செய்வது?

பதில்:

உங்கள் நண்பர் சொன்ன வேலை சரி, காரணம் சரியில்லை. வாங்க வந்தவரின் சந்தேகம் நியாயமானது. அதை நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும். ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் இதைக் கேட்டீர்களே, அதுவே நல்லது. இங்கே தங்கியிருப்பவரைவிட உங்களுக்கு இந்த நம்பர் இரண்டு மடங்கு முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் டாலஸ் அருகே உரிமம் வாங்கிச் சிறிய துப்பாக்கிக் கடை நடத்துகிறேன், ரிப்பேர் வேலையும் பார்க்கிறேன். ஆன்லைனில் விற்கப்படும் பழைய துப்பாக்கிகள் வாரத்துக்கு நாலைந்தாவது என் மேசைக்கு வந்துதான் கைமாறுகின்றன. உங்கள் நண்பர் பயமுறுத்திய அந்தப் பொய்ப் புகாரை இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட நான் பார்த்ததில்லை. ஒரு துப்பாக்கி திருட்டுப் பட்டியலில் ஏற வேண்டுமென்றால் காவல் நிலையத்தில் புகார் பதிவாக வேண்டும், அந்தப் போலீஸ்தான் அதைப் பட்டியலில் ஏற்ற வேண்டும். பொய்ப் புகார் கொடுப்பவன் தன் பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்துக் குற்றம் செய்கிறான். நீங்கள் கடை ரசீதை நீட்டினால் அதோடு தீர்ந்தது. முடியவே முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

படத்தில் நம்பரை மறைக்கச் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. ஏமாற்றுக்காரர்கள் உங்கள் படங்களை அப்படியே எடுத்து இன்னொரு தளத்தில் குறைந்த விலைக்குப் போடுவார்கள். ‘முன்பணம் அனுப்புங்கள், பார்சலில் அனுப்பிவைக்கிறேன்’ என்பார்கள். வாங்குபவர் சந்தேகப்பட்டு நம்பரைக் கேட்டால், உங்கள் படத்தில் இருக்கும் நம்பரையே பார்த்துச் சொல்வார்கள். முழு நம்பரும் தெளிவாகத் தெரியும் படம் அவர்கள் கைக்குக் கிடைத்த அத்தாட்சிப் பத்திரம் மாதிரி. பணத்தை இழந்தவர் அந்த நம்பரைத்தான் போலீஸில் சொல்வார், அது உங்கள் துப்பாக்கியின் நம்பர்.

சரி, எப்படி மறைப்பது? செல்பேசியில் இருக்கும் கறுப்புப் பட்டையை இழுத்துவிடாதீர்கள், விரலால் மசமசவென்று தேய்த்தும் விடாதீர்கள். சிறிய படத்தில் பார்க்கும்போது நம்பரை அரத்தால் ராவி எடுத்த மாதிரியே தெரியும். வாங்க வந்தவருக்குத் திருட்டுச் சாமான் என்ற எண்ணம் இதனால்கூட வந்திருக்கலாம். பெயின்ட் அடிக்கிறவர்கள் ஓரத்தில் ஒட்டும் நீல டேப்பில் ஒரு துண்டு கிழித்து நம்பரின் கடைசி மூன்று இலக்கங்கள் மேல் மட்டும் ஒட்டுங்கள். முன்பாதி வெளியே தெரியட்டும். டேப் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிவதே நல்லது. அடியில் நம்பர் பத்திரமாக இருக்கிறது என்று பார்க்கிறவருக்குப் புரியும்.

கிளாக்கில் ஒரு சங்கதி. நீங்கள் எங்கே ஒட்டினீர்கள் என்று தெரியவில்லை. பெரும்பாலானவர்கள் அடியில், பிளாஸ்டிக் உடம்பில் பதித்த சின்ன உலோகத் தகட்டின் மேல் மட்டும் ஒட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். அதே நம்பர் மேலே, முன்னும் பின்னும் நகரும் உலோகப் பாகமான ஸ்லைடின் பக்கவாட்டிலும் இருக்கும், காலி ரவை வெளியே தெறிக்கும் திறப்பு வழியாகப் பார்த்தால் பேரலிலும் இருக்கும். இது போதாதென்று ‘ஒரிஜினல் பெட்டியுடன்’ என்று கறுப்புப் பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள். பெட்டியின் ஓரத்து லேபிளில் பார்கோடோடு முழு நம்பரும் அச்சிட்டிருக்கும். போன மாதம் ஒருவர் காட்டிய விளம்பரத்தில் மூன்று இடத்திலும் டேப் ஒட்டியிருந்தார், லேபிள் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

நம்பரைவிட எனக்குக் கவலை தருவது படத்தின் பின்புலம். சாப்பாட்டு மேசை, ஜன்னலுக்கு வெளியே தெருப்பலகை, நாற்காலியில் தொங்கும் பிள்ளையின் பள்ளிச் சட்டை. இந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்கே முகவரி கொடுக்கிற வேலை அது. ஒரு வெள்ளைத் துண்டை விரித்து அதன் மேல் வைத்து எடுங்கள். இருப்பிடத்தைப் பதிவுசெய்யும் வசதியைச் செல்பேசி கேமராவில் அணைத்துவிட்டு எடுங்கள். முதல் வேலையாகப் போட்டிருக்கும் படங்களை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

வாங்குபவர் நம்பரைக் கேட்பது வெறும் சந்தேகத்தால் மட்டுமல்ல. பழைய துப்பாக்கிக்கு நம்பர்தான் ஜாதகம். எந்த ஆண்டு செய்தது, எந்தத் தொகுதி, சுடத் தகுந்ததா, எவ்வளவு பெறும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் செய்முறையை மாற்றி, நம்பரையும் 7,00,000இலிருந்து தொடங்கினார்கள். அதற்கு முன் செய்தவை 5,81,471 வரை போனவை. இரண்டும் ஒரே பெயர், ஆனால் பழையதற்கு இருக்கும் மரியாதையும் விலையும் வேறு. நம்பரின் முதல் சில இலக்கங்களே அதைச் சொல்லிவிடும்.

உயிர் விஷயமும் இருக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி என்ற அமெரிக்க அரசு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த 1903 மாடல் ராணுவ ரைஃபிள்களில் 8,00,000க்குக் கீழே நம்பர் உள்ளதை யாராவது கொண்டுவந்தால், சுட வேண்டாம், சுவரில் மாட்டுங்கள் என்றுதான் சொல்வேன். அந்தக் காலத்தில் உலை இரும்பின் சூட்டைத் தொழிலாளிகள் நிறத்தை வைத்துக் கண்ணாலேயே கணித்தார்கள். நல்ல வெயிலடிக்கும் நாளில் ஒரு மாதிரியும் மேகமூட்டத்தில் வேறு மாதிரியும் தெரியும். சூடு மிஞ்சிய இரும்பு மொறுமொறுவென்று ஆகிவிட்டது, சில ரைஃபிள்கள் சுடும்போதே உடைந்தன. பிறகு முறையை மாற்றினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், நம்பர்தான் பிரித்துச் சொல்லும்.

நம் காலத்திலும் உண்டு. 2017இல் ரூகர் நிறுவனம் மார்க் 4 என்ற .22 பிஸ்டலைத் திரும்பப் பெற்றது. சேஃப்டி பிடி நடுவில் நின்றுவிட்டால் எதிர்பாராமல் வெடிக்க வாய்ப்பு இருந்தது. 401 என்று தொடங்கும் நம்பர்கள் அதில் அடக்கம். 2014இல் ரெமிங்டன் 700 ரைஃபிள்களில் ஒரு வகை டிரிகருக்காகத் திரும்பப் பெற்றபோதும் உரிமையாளர்கள் நம்பரை வைத்துத்தான் பார்த்துக்கொண்டார்கள். பழையதாக வாங்குகிறவர் ‘இது சரிசெய்யப்பட்டதா?’ என்று கேட்டால் நம்பர் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

அதனால் விளம்பரத்தில் முன்பாதியைக் காட்டுங்கள். விலை பேசி முடித்து, நேரில் சந்திக்கும் நாள் குறித்த பிறகு முழு நம்பரையும் தொலைபேசியில் சொல்லுங்கள். அதற்கு முன்பே நம்பிக்கை வேண்டும் என்று அவர் கேட்டால், ஒரு தாளில் இன்றைய தேதியையும் அவர் பெயரையும் கையால் எழுதித் துப்பாக்கியின் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். படத்தைத் திருடியவனால் இதை எளிதில் செய்ய முடியாது. உங்களைத் திருட்டுச் சாமானா என்று கேட்டவருக்கு இந்தப் படத்தை இன்று மாலையே அனுப்பலாம். கோபப்பட வேண்டாம். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன்.

உங்களுக்கு நம்பர் இரண்டு மடங்கு முக்கியம் என்றேன் அல்லவா? குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால் போலீஸ் அதன் நம்பரை மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும், துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் ஏடிஎஃப் துறையின் மையத்துக்கு அனுப்பும். சினிமாவில் காட்டுவது போல நம்பரைத் தட்டினால் இன்றைய உரிமையாளர் பெயர் வந்து நிற்கும் கணினி அங்கே இல்லை. அப்படி ஒரு மத்தியப் பதிவேடு உருவாக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அவர்கள் தயாரித்த நிறுவனத்தைக் கேட்பார்கள். நிறுவனம் மொத்த வியாபாரியைக் காட்டும், மொத்த வியாபாரி கடையைக் காட்டுவார். எனக்கு அப்படி அழைப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். பதிவேட்டை எடுத்து, அந்த நம்பர் இருக்கும் வரியில் விரலை வைத்து, வாங்கியவர் பெயரைப் படித்துச் சொல்வேன். புதிதாக விற்ற துப்பாக்கி என்றால் தடம் அநேகமாக அங்கேயே நின்றுவிடும்.

உங்கள் கிளாக்குக்கு அந்த வரியில் இருப்பது உங்கள் பெயர். கடை வழியாக இல்லாமல் நேரடியாக விற்றால், யாருக்கு விற்றீர்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஐந்தாறு வருஷம் கழித்து அது நாலு கை மாறி எங்கேயோ கிடைத்தால், விசாரணை அதிகாரி நீங்கள் காலி செய்துவிட்டுப் போன ஆஸ்டின் வீட்டுக் கதவைத் தட்டுவார். நீங்கள் சென்னையில் இருப்பீர்கள். குற்றவாளி என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். ஆனால் ‘யாருக்கு விற்றீர்கள்?’ என்ற கேள்விக்கு ஒரு பெயரும் தேதியும் உங்களிடம் இருந்தாக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்த்தேன், இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. என் வாடிக்கையாளர் ஒருவர், கவனமான மனிதர். காரை உடைத்து அவருடைய பிஸ்டலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் நம்பர் கேட்டது. நம்பர் இல்லாமல் தேசியத் திருட்டுப் பட்டியலில் ஏற்ற முடியாது. தனி ஆளிடம் வாங்கியது, ரசீது கிடையாது. செல்பேசியில் படம் இருக்குமே என்று என் கடைக்கு ஓடிவந்தார், கவுன்டரில் நின்றபடியே ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பதினோரு படங்கள். எல்லாவற்றிலும் கட்டைவிரலால் நம்பரை மறைத்துக்கொண்டு எடுத்திருந்தார். யாரோ அவருக்கும் நம்பரைக் காட்டாதே என்று சொல்லியிருக்கிறார்கள், தனக்கே காட்டாமல் வைத்திருந்தார். அந்தத் துப்பாக்கி எங்காவது பிடிபட்டாலும் இவருடையது என்று சொல்ல வழியில்லை. யார் கையில் இருக்கிறதோ என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

எனவே டேப்பை ஒட்டுவதற்கு முன், நம்பர் முழுதாகத் தெரியும் படம் ஒன்றை உங்களுக்காக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாளிலும் எழுதுங்கள். எழுதும்போது 0 பூஜ்யமா ஓ எழுத்தா, 8 எண்ணா பி எழுத்தா என்று உரக்கப் படித்துச் சரிபாருங்கள். ஓர் எழுத்து தவறினால் அது வேறொருவருடைய துப்பாக்கி.

இனி உங்கள் மற்ற இரண்டு. ரிவால்வரைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. கன் ஷோவில் ரொக்கத்துக்கு, சீட்டு எதுவும் இல்லாமல் வாங்கியிருக்கிறீர்கள். விற்பதற்கு முன் அது திருட்டுப் பட்டியலில் இல்லை என்று நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும். தேசியப் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. புளோரிடாவில் மாநிலச் சட்ட அமலாக்கத் துறையின் தளத்தில் யார் வேண்டுமானாலும் நம்பர் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அந்த மாநிலத்தில் கொடுத்த புகார்கள்தான் அதில் இருக்கும். உங்கள் ஊர்க் காவல் நிலையத்தின் அவசரமில்லாத எண்ணுக்குப் போன் செய்து, பழைய ரிவால்வர் ஒன்றை விற்கப் போகிறேன், நம்பரைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் பார்த்துச் சொல்வார்கள். துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக நிலையத்துக்குள் நுழைய வேண்டாம். ஒருவேளை திருடுபோனது என்று வந்துவிட்டால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், உங்கள் பணம் திரும்பாது. வலிக்கத்தான் செய்யும். தெரியாமல் இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு ஊருக்குப் போவதைவிட அந்த நஷ்டம் சிறியது.

அதில் எந்த எண்ணைக் கொடுப்பது என்பதிலும் கவனம். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் சிலிண்டரை வெளியே திறந்ததும் உள்ளே உடம்பில் கண்ணில் படுவது பெரும்பாலும் மாடல் எண், கூடவே தொழிற்சாலையில் பாகங்களைச் சேர்ப்பதற்காகக் குத்திய எண். அதையே சீரியல் நம்பர் என்று விளம்பரத்தில் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். சீரியல் நம்பர் கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும். பெரிய மரக் கைப்பிடி அதை மூடியிருந்தால், ரவை எதுவும் உள்ளே இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, பொருத்தமான ஸ்க்ரூடிரைவரால் கைப்பிடியைக் கழற்றினால் தெரியும்.

வின்செஸ்டர் 67க்குப் பயப்படவே வேண்டாம். 1934இலிருந்து 1963 வரை செய்த எளிய ரைஃபிள் அது, ஒவ்வொரு ரவையாகப் போட்டுச் சுடுவது. அதற்குத் தொழிற்சாலையிலேயே நம்பர் போடவில்லை. எல்லாத் துப்பாக்கிக்கும் சீரியல் நம்பர் கட்டாயம் என்றானது 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் வந்த .22 ரைஃபிள்களிலும் ஷாட்கன்களிலும் நம்பர் இல்லாதவை ஏராளம். நம்பரே போடாமல் வந்தது வேறு, போட்ட நம்பரை அழித்தது வேறு. அழித்ததைத் தெரிந்தே வைத்திருந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. உங்களுடையதில் உலோகம் ஒரே சீராக, பழைய நிறம் மாறாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ராவிய இடம் குழியாகவோ பளபளப்பாகவோ காட்டிக்கொடுக்கும். ஒன்றும் இல்லையென்றால், ‘1968க்கு முந்தையது, தொழிற்சாலையில் நம்பர் இடப்படவில்லை’ என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். நீங்களாக ஒரு நம்பரைக் குத்திவைக்காதீர்கள்.

விற்பதை உரிமம் பெற்ற கடை வழியாகச் செய்யுங்கள். டெக்சாஸ்காரர் இன்னொரு டெக்சாஸ்காரருக்கு நேரடியாக விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. வேறு மாநிலத்துக்காரர் என்றால் கடை வழியாகத்தான் முடியும். ஆனாலும் வெளிநாடு போகிறவர் நேரடியாக விற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கடைக்காரர் துப்பாக்கியை உங்கள் பெயரில் பதிவேட்டில் வரவு வைப்பார். வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்புவார், பின்னணிச் சோதனை நடக்கும், அவர் பெயரில் பற்று எழுதப்படும். நம்பர் உங்கள் பெயரை விட்டு இறங்கி அவர் பெயரில் ஏறுவது இங்கே எழுத்தில் இருக்கும். என் கடையில் இதற்கு ஒரு துப்பாக்கிக்கு 30 டாலர் வாங்குகிறேன்.

நம் ஊர் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ‘துப்பாக்கி விற்பனைக்கு’ என்று போடவே போடாதீர்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அதைக் கடைக்காரர் பார்த்துச் சொல்லட்டும். கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். ‘அண்ணா, எனக்கே கொடுத்துட்டுப் போங்க’ என்று பாசத்தோடு கேட்கும் தம்பி என்ன விசாவில் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தால் உங்களுக்கு 15 ஆண்டு வரை சிறை. அவருடைய வேலை, விசா, குடும்பம் எல்லாம் அதோடு போகும். கப்பலில் அனுப்பும் வீட்டுச் சாமானோடும் எதையும் போட்டுவிடாதீர்கள். இரு நாட்டு அனுமதியும் இல்லாமல் அனுப்புவது இரண்டு பக்கமும் குற்றம்.

விற்று முடிந்ததும் கடைக்காரரிடம் தேதி, மாடல், சீரியல் நம்பர், கடையின் பெயர் போட்ட ரசீது கேட்டு வாங்குங்கள். வின்செஸ்டருக்கு நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருக்க வேண்டும், காலியாக விட்டிருந்தால் எழுதச் சொல்லுங்கள். மூன்று ரசீதையும் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். தாள்களைக் கப்பல் சாமானில் போடாமல் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள். கிளம்பும் முன் கடைக்காரரிடம் உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் சென்னை எண்ணையும் கொடுத்துவிட்டுப் போங்கள். மார்ட்டின்ஸ்பர்க்கிலிருந்து என்றைக்காவது அழைப்பு வந்தால், உங்களை எங்கே பிடிப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.